கிரியாட்டினின் எவ்வளவு? காடோலினியத்தின் ஒரு சிறு வரலாறு

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்பவருக்குக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தவேண்டியிருப்பின், பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது "கிரியாட்டினின் எவ்வளவு?" என்பதுதான். சிறுநீரகம் எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதை அறியும் கேள்வி அது. 2006ஆம் ஆண்டுக்கு முன்னர் எம்.ஆர்.ஐ. மருந்தின் பொருட்டு அந்தக் கேள்வியை எழுப்பும் வழக்கம் ஏறக்குறைய இல்லை. அது எவ்வாறு படிவத்தில் இடம்பெற்றது என்பதை மருத்துவ வரலாற்றின் கோணத்தில் எழுதிப் பார்க்கிறேன். சற்றே நீண்ட பதிவு.

கதை எம்.ஆர்.ஐ.க்கு வெகுமுன்பே தொடங்குகிறது. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காணும் முறையை உருவாக்கினார். (மூளை அறுவைக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்று, அதே காரணத்துக்காக இன்று கடுமையாக விமரிசிக்கப்படும் அதே மோனிஸ்தான்.) குழாய்களைப் படத்தில் துலக்கிக் காட்ட அவருக்கு ஒரு திரவம் தேவைப்பட்டது. தொடக்கத்தில் பயன்படுத்திய புரோமைடு, அயோடைடு உப்புகள் நோயாளிகளுக்கு வலியையும் கேட்டையும் தந்தன. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடன் நிறுவனம் தயாரித்த தோரோட்ராஸ்ட் கைக்கு வந்தபோது, சிக்கல் தீர்ந்ததாகவே தோன்றியது. ஊசி போடும்போது வலி இல்லை. உடனடி விளைவு ஏதும் இல்லை. படமோ மிகத் தெளிவு.

தோரோட்ராஸ்ட் என்பது தோரியம் டை ஆக்சைடு. தோரியம் கதிரியக்கத் தனிமம் என்பது அப்போதே எல்லோரும் அறிந்த செய்தி. 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு எச்சரித்தது. எனினும் 1950கள் வரை பல நாடுகளில் அதன் பயன்பாடு தொடர்ந்தது. உடலுக்குள் சென்ற தோரியம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தங்கிவிட்டது. ஆயுள் முழுவதும் வெளியேறவில்லை. அதன் கதிரியக்க அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். 20, 30 ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக அது வெளிப்பட்டது. டென்மார்க், ஜெர்மனி, போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் தோரோட்ராஸ்ட் பெற்றோரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவின.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. தோரியத்தின் முதன்மையான கனிமம் மோனசைட். இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வாயு விளக்குகளின் வலைக்காகக் கப்பலேறியது அந்தத் தோரியத்தின் பொருட்டே. அதே மோனசைட்டில் அருமண் உலோகங்களும் உள்ளன. அவற்றுள் சிறிதளவாகக் காணப்படும் ஒன்று காடோலினியம். தொலைவிலிருக்கும் இரண்டு மருத்துவ வரலாறுகளின் தனிமங்கள் ஒரே மணற்துகளுக்குள் கிடப்பது தற்செயல்தான். ஆயினும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

காடோலினியம் கதிரியக்கப் பொருள் அன்று. அதன் அயனியில் இணைசேரா எலக்ட்ரான்கள் ஏழு உள்ளமையால் வலுவான காந்தத் தன்மை கொண்டது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் கருக்கள் விரைவில் தம் நிலைக்குத் திரும்பச் செய்கிறது. படத்தில் அந்தத் திசு வெண்மையாய்த் துலங்குவது அதனால்தான். நோயாளிகள் இதை 'டை' என்று அழைத்தாலும், இது எதற்கும் சாயம் ஏற்றுவதில்லை. தனி அயனியாக இது நஞ்சு. அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால், கால்சியம் இயங்கவேண்டிய இடங்களில் புகுந்து தடை செய்யும். ஆகவே வேதியியலாளர்கள் அதை ஒரு கரிம மூலக்கூறின் பிடிக்குள் பூட்டினார்கள். பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ் யோகிம் வைன்மனும் அவருடைய சகாக்களும் 1980களின் முற்பகுதியில் உருவாக்கிய அத்தகைய சேர்மமே 1988இல் மேக்னெவிஸ்ட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவரின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பூட்டு திறக்கும் முன்பே மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதே பாதுகாப்பின் அடிப்படை.

பூட்டுகளிலும் இருவகை உண்டு. ஒன்று நேர்ச்சங்கிலி அமைப்பு. உலோகத்தைக் கைகளால் பற்றியிருப்பது போன்றது. மற்றொன்று வளைய அமைப்பு. உலோகத்தைக் கூண்டுக்குள் அடைத்தது போன்றது. இரண்டாவது வகையில் உலோகம் நழுவுவது மிக அரிது. பிரான்சில் உருவான வளைய வகை மருந்தான டோட்டரெம் 1989இலேயே ஐரோப்பாவில் கிடைத்தது. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2013இல். பிடிப்பின் வேறுபாடு வேதியியலாளர்கள் அறிந்த செய்தி. அது மருத்துவமனைக் கொள்முதலில் ஒரு காரணியாக வளர நெடுங்காலம் பிடித்தது.

1990களில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம் என்பேன். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் பயன்படும் அயோடின் மருந்துகள் பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்ற அச்சம் மருத்துவரிடையே வலுவாக இருந்தது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, கூடுதல் அளவில் செலுத்தியபோதும் காடோலினியம் சிறுநீரகத்தை அவ்வாறு பாதிப்பதில்லை என்று காட்டியது. முடிவு பிழையானதன்று. ஆனால் அதன் விளைவாக, சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளே காடோலினியத்தை நோக்கித் திருப்பிவிடப்பட்டனர். அதுவும் இரத்தக் குழாய்ப் படங்களுக்காக வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு. மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று கேட்டார்கள். இயங்காத சிறுநீரகத்தால் மருந்துக்கு என்ன நேரும் என்று கேட்கவில்லை. டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய 30 மணிக்கும் மேல் ஆகலாம். பூட்டு திறக்க அது போதுமான அவகாசம்.

1997 முதல் கலிபோர்னியாவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலரின் தோல் மரப்பட்டைபோல் தடித்து இறுகுவதை மருத்துவர்கள் கவனித்தனர். மூட்டுகள் மடங்கவில்லை, சிலரால் நடக்க இயலவில்லை. 2000ஆம் ஆண்டில் ஷான் கௌப்பரும் சகாக்களும் 'லான்செட்' இதழில் அதை ஒரு புதிய நோயாக விவரித்தனர். இன்று என்.எஸ்.எஃப். எனப்படும் அந்நோய் உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடியது. தொற்று, டயாலிசிஸ் கருவி, மருந்துகள் என எதையெதையோ சந்தேகித்தும் காரணம் பிடிபடவில்லை.

2006இல் ஆஸ்திரியச் சிறுநீரக மருத்துவர் தாமஸ் குரோப்னர் காடோலினியத்தைச் சுட்டினார். அவர் மருந்து செலுத்திப் படமெடுத்த ஒன்பது டயாலிசிஸ் நோயாளிகளில் ஐவருக்கு அந்நோய் வந்திருந்தது. அக்கட்டுரைக்குப் பின்னர் ஒரு திருத்தம் வெளியானது: செலுத்தப்பட்டது முதலில் குறிப்பிட்ட மருந்து அன்று, காடோடயமைடு என்னும் நேர்ச்சங்கிலி வகை மருந்து. அந்தத் திருத்தத்தை நான் முக்கியமான ஆவணமாகக் கருதுகிறேன். நோயின் மூலத்தைக் கண்டறிந்த கட்டுரையிலேயே மருந்தின் பெயர் மாறிப் பதிவாகியிருந்தது என்றால், 'கான்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதி முடிக்கும் ஸ்கேன் அறிக்கைகள் பிற்கால ஆய்வாளனுக்கு எவ்வளவு பயன்படும்? அதே ஆண்டு டென்மார்க்கின் ஹெர்லெவ் மருத்துவமனையிலிருந்து பீட்டர் மார்க்மன் குழுவினர் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அனைவரும் காடோடயமைடு பெற்றவர்கள்.

நடவடிக்கை விரைந்து வந்தது. 2007இல் ஐரோப்பாவில் தடைக்குறிப்பு. அமெரிக்காவில் மருந்துறை மீது கட்டமிட்ட எச்சரிக்கை. கிரியாட்டினின் கேள்வி படிவங்களில் ஏறியது இக்காலத்தில்தான். சில ஆண்டுகளில் புதிய நோயாளிகள் ஏறக்குறைய இல்லாமற்போயினர். பாதுகாப்பு நடவடிக்கை ஒன்று இவ்வளவு துல்லியமாகப் பலித்தது மருத்துவ வரலாற்றில் அரிது.

ஆனால் 2014இல் ஜப்பானின் தோமோனோரி காண்டா குழுவினர், பலமுறை மருந்து பெற்றோரின் மூளையின் சில பகுதிகள் மருந்து செலுத்தாத படங்களிலும் வெண்மையாய்த் தெரிவதைக் காட்டினர். மறு ஆண்டு மேயோ கிளினிக்கின் பிரேதப் பரிசோதனை ஆய்வு, அங்கே தங்கியிருப்பது காடோலினியமே என்று உறுதி செய்தது. சிறுநீரகம் நன்கு இயங்கியவர்களிடமும். அத்தங்கலால் மூளைக்குக் கேடு நேர்ந்ததாக இன்றுவரை நிறுவப்படவில்லை. இதைப் படித்துவிட்டுத் தேவையான ஸ்கேனைத் தவிர்ப்பது அறியாமையாகும். ஒரே சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்ச்சங்கிலி மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தது. அமெரிக்க முகமை அவற்றை விற்பனையில் தொடரவிட்டு எச்சரிக்கையை மட்டும் கூட்டியது.

உடலை விட்டு வெளியேறிய காடோலினியம் எங்கே போகிறது என்பதை மருத்துவர்களுக்கு முன்பே கேட்டவர்கள் புவிவேதியியலாளர்கள். ஜெர்மனியின் மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளின் ஆறுகளில் இயற்கையளவை மீறிய காடோலினியம் கலந்திருப்பதை மிகாயேல் பௌவும் பீட்டர் துல்ஸ்கியும் கண்டறிந்தனர். மருத்துவமனைக் கழிவுநீரின் வழியே, சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து அது வந்திருந்தது; பின்னர் பெர்லினின் குழாய்நீரிலும் காணப்பட்டது. அவர்களின் கட்டுரை வெளியானதும் 1996ஆம் ஆண்டில்தான்.