‘பொருந்தாது’ என்பது சுழியமா? தோல்நோயுள்ள பெண்களின் பாலியல் நலத்தை அளக்கும் ஒரு வினா குறித்து

நாள்பட்ட தோல்நோயுள்ள பெண்களின் பாலியல் நலம் பற்றிய முடிவுகள் பல, தோல்நோய் வாழ்க்கைத்தரக் குறியீட்டின் (டி.எல்.கியூ.ஐ.) ஒன்பதாம் வினாவை நம்பியே எழுதப்பட்டுள்ளன. கடந்த ஒரு வாரத்தில் தோலின் காரணமாகப் பாலியல் சிரமம் எவ்வளவு நேர்ந்தது என்று அது கேட்கிறது. மிக அதிகம், அதிகம், சிறிது, இல்லவே இல்லை என்ற விடைகளுக்கு முறையே 3, 2, 1, 0 மதிப்பெண். அவற்றின் அருகே ‘பொருந்தாது’ என்று இன்னொரு கட்டம் உண்டு, அதற்கும் 0. ஆக, சிரமமே இல்லை என்றவரும் பொருந்தாது என்றவரும் கூட்டுத்தொகையில் வேறுபாடின்றிக் கலந்துவிடுகின்றனர். அப்படிக் கலப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை மேலோங்கி நிற்கும் வாசிப்பு எளிமையானது. மணமாகாதவர், கணவரை இழந்தவர், முதியவர் ஆகியோரே இந்தக் கட்டத்தைத் தேர்கின்றனர். அவர்கள் வாழ்வில் அவ்வினாவுக்கு இடமில்லை. ஆகவே பாதிப்பும் இல்லை என்பது அது. அத்தகையோர் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. பெண்களும் மூத்தோரும் இவ்விடையை அதிகம் தேர்வதாக ஹங்கேரி ஆய்வாளர்கள் காட்டியதும் இவ்வாசிப்புக்கு வலுச்சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் அதே கட்டத்தில் இன்னொரு பெண்ணும் குறியிடக்கூடும்: தோலின் வலியாலோ கூச்சத்தாலோ உறவையே சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டவர். நிறுத்திய பிறகு, கடந்த ஒரு வாரத்தில் சிரமம் எங்கிருந்து வரும்? அவருக்கு அவ்வினா பொருந்தாமல் போனதற்குக் காரணமே நோய்தான். பாதிப்பு முற்றியதால் அது கணக்கிலிருந்து மறைகிறது.

இதற்கான சான்றை வெளியே தேடவேண்டியதில்லை; வினாப்படிவமே தருகிறது. கார்டிஃபில் ஃபின்லேயும் கானும் 1994இல் வெளியிட்ட இப்படிவத்தின் பத்து வினாக்களில் ஏழாவது, வேலையையும் படிப்பையும் பற்றியது. அது நேரே சிரமத்தின் அளவைக் கேட்பதில்லை. தோல் உங்களை வேலை செய்யவிடாமல், படிக்கவிடாமல் தடுத்ததா என்று முதலில் கேட்கிறது. ‘ஆம்’ என்றால் முழு மதிப்பெண்ணாகிய 3. ‘இல்லை’ என்றால்தான் எந்த அளவுக்குச் சிக்கலாக இருந்தது என்ற அடுத்த கேள்வி வருகிறது. நோயால் ஒரு செயல் அடியோடு நின்றுபோவதே மிகப் பெரிய பாதிப்பு என்பதைப் படிவம் இங்கே ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது. இரண்டு வினா தள்ளி, பாலியல் வாழ்வுக்கு வரும்போது அந்த முதற்கேள்வி இல்லை. தோல்நோயால் வேலையை விட்டவர் 3 பெறுகிறார். தோல்நோயால் உறவை விட்டவர், ‘பொருந்தாது’ என்று குறித்தால், 0 பெறுகிறார். படிவத்தை வகுத்தவர்களின் நோக்கம் இதுவாக இருந்திருக்காது. ஆயினும் மதிப்பெண் அட்டவணை செய்வது இதைத்தான்.

நோய்களின் இயல்பைப் பார்த்தால், இரண்டாம் வகைப் பெண் வெறும் கற்பனை அல்லர் என்பது விளங்கும். லைக்கன் ஸ்கிலிரோசஸ் நோயில் பிறப்புறுப்பின் தோல் வெளிறி, மெலிந்து, உடலுறவின்போது யோனிவாயின் பின்விளிம்பில் வெடிக்கிறது. வெடிப்பு ஆறுமுன் அடுத்தது. நாளடைவில் இதழ்கள் ஒட்டி யோனிவாய் குறுகுகிறது. ஹைட்ரடினைடிஸில் அரையிடுக்கில் சீழ்க்கட்டிகள் உடைந்து கசிகின்றன. வாடை வருமோ என்ற அச்சமே நெருக்கத்தைத் தள்ளிவைக்கப் போதும். சொரியாசிஸ் குறித்து 2015இல் வெளிவந்த, 354 நோயாளிகளைக் கொண்ட ஆய்வொன்றில், 63 சதவீதத்தினருக்கு எப்போதேனும் பிறப்புறுப்பில் நோய் வந்திருந்தது. அவ்வாறு வந்தவர்களில் 43 சதவீதத்தினர் உடலுறவு குறைந்துபோனதாகக் கூறினர். குறைவது நிகழ்கிறது என்றால், குறைந்து குறைந்து நின்றுபோவதும் நிகழும் எனக் கொள்வது மிகையாகாது.

பத்து வினாக்களில் ஒன்றுதானே, முப்பதில் மூன்றுதானே எனலாம். ஆனால் மதிப்பெண் வெட்டுக்கோட்டருகே ஒன்றுகூடப் பெரிதாகிவிடும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சொரியாசிஸ் நோயாளிக்கு அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்தைப் பரிந்துரைக்க, நோயின் பரப்பையும் தீவிரத்தையும் அளக்கும் பாசி மதிப்பெண் குறைந்தது 10 இருக்கவேண்டும், டி.எல்.கியூ.ஐ. 10ஐத் தாண்டவேண்டும் என வரையறுத்தது. மற்ற ஒன்பது வினாக்களில் சரியாக 10 பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவதில் ‘சிறிது’ என்றவர் 11 பெற்றுக் கோட்டைத் தாண்டுகிறார். உறவையே இழந்து ‘பொருந்தாது’ என்றவர் 10இல் நிற்கிறார். அதிகம் இழந்தவருக்கே மருந்து எட்டாமல் போகிறது.

இக்குறை அறியப்படாததல்ல. 2018இல் முன்மொழியப்பட்ட திருத்தமுறை, பொருந்தாத வினாக்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் விகிதப்படி கூட்டுத்தொகையை உயர்த்துகிறது. மேற்சொன்ன பெண்ணின் 10, பத்தை ஒன்பதால் வகுத்துப் பெருக்கும்போது, 11.1 ஆகிறது. எண்கணித அநீதி தீர்ந்தது, பொருட்சிக்கல் தீரவில்லை. உறவில் நாட்டமே இல்லாத முதியவருக்கும் நோயால் விலகிய இளம்பெண்ணுக்கும் அதே உயர்வுதான் கிடைக்கிறது. காரணத்தைக் கேளாமல் செய்யும் எந்தத் திருத்தமும் சராசரியை இட்டு நிரப்புவதாகவே முடியும்.

மறுமுனையில் நிற்பது பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு (எஃப்.எஸ்.எஃப்.ஐ.). 2000இல் வெளிவந்த இதன் 19 வினாக்களில் 15க்கு ‘பாலியல் செயல்பாடு இல்லை’ என்ற வகை விடை உண்டு, மதிப்பெண் 0. உச்சவரம்பு 36, 26.55 அல்லது அதற்குக் கீழ் என்றால் செயலிழப்பு. நான்கு வாரம் தனித்திருந்த, ஆனால் நிறைந்த விருப்பமும் தன் பாலியல் வாழ்வில் முழு மனநிறைவும் உள்ள பெண் பெறக்கூடிய உச்சம் 10தான்: விருப்பத்துக்கு 6, நிறைவுக்கு 4, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. அவர் நோயாளி ஆகிவிடுகிறார். இக்குறையைப் பாலியல் ஆய்வாளர்கள் முன்பே சுட்டியுள்ளனர். தோல்நோய் ஆய்வில் அது பெறும் கூடுதல் பொருள்தான் கவனிக்கப்படவில்லை: ஒரே பெண்ணின் ஒரே விலகலை ஒரு கருவி நலம் என்றும் மற்றொன்று நோய் என்றும் எழுதுகிறது. இவ்விரண்டின் எண்களையும் அடுத்தடுத்து வைத்து, தோல்நோயுள்ள பெண்களில் இத்தனை பேருக்குப் பாலியல் பாதிப்பு என்று கூறும் தொகுப்பாய்வுகளை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

இத்தகைய பெண் ‘மிக அதிகம்’ என்று குறித்திருக்கலாமே என்பது ஓர் ஆட்சேபம். குறிப்பவரும் இருப்பர், ஆனால் ஒரு வார எல்லை அவரை அவ்விடையிலிருந்து விலக்கவே செய்கிறது. நம் பெண்கள் இதற்கெல்லாம் விடை சொல்ல மாட்டார்கள் என்ற இன்னோர் ஆட்சேபத்தில் நீண்டநேரம் நிற்க வேண்டியதில்லை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் வராததை நாணத்தின் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது.

செய்யவேண்டியது சிறிது. ஏழாம் வினாவின் அமைப்பை ஒன்பதாவதுக்கும் கொடுக்கலாம்: பாலியல் வாழ்வு இல்லையென்றால், அதற்குத் தோல் காரணமா? ‘ஆம்’ என்பவருக்கு 3. ‘இல்லை’ என்பவருக்கு அவ்வினாவைக் கணக்கிலிருந்து நீக்கலாம். புதிய படிவம் வரும்வரை, ‘பொருந்தாது’ என்றோரின் தொகையை ஒவ்வோர் ஆய்வும் வயது, மணநிலை, நோய் உள்ள இடம் ஆகியவற்றுடன் தனியே வெளியிடவேண்டும். இது அளவியல் நுணுக்கம் பற்றிய அக்கறை மட்டுமன்று. லைக்கன் ஸ்கிலிரோசஸ் உள்ள 507 பெண்களைத் தொடர்ந்து கண்ட ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீராய்டு களிம்பை விடாது பயன்படுத்தியவர்களில் 3.4 சதவீதத்தினருக்கே ஒட்டலும் தழும்பும் ஏற்பட்டன அல்லது முற்றின. விட்டுவிட்டுப் பயன்படுத்தியவர்களில் அது 40 சதவீதம். பெருமளவு தடுக்கக்கூடிய ஓர் இழப்பு, மதிப்பெண் தாளில் சுழியமாக எழுதப்படும்வரை, அதைத் தடுக்கவேண்டிய மருத்துவரின் கண்ணில் படாது.