சுவார்ட்ஸ் ஐயரின் மொய்

பேராவூரணிச் சீமையில் ஆடி பிறந்துவிட்டால் பந்தல்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. ஆனாலும் ஊர் திரண்டு வந்து கறிச் சோறு சாப்பிடுகிறது. சாப்பிட்டவர்கள் பணத்தைக் கொடுத்து, நோட்டில் பெயரை எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மொய் விருந்து என்று அதற்குப் பெயர். வாங்கியவர், பின்னொரு வருஷம் கொடுத்தவருடைய விருந்துக்குப் போய், வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வர வேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஒரு நோட்டும் மனிதனுடைய வாக்கும்தான் ஈடு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வாரிச் சாய்த்த பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றப் பலர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ, பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டுகிறவர்களுக்கும் இந்த ஒரே ஈடுதான் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நம் தஞ்சைச் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

1750-ல் பிரஷ்யா தேசத்திலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தார் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் பாதிரியார். தமிழ் கற்றார்; பாரசீகமும் மராத்தியும் கற்றார். 1766-ல் திருச்சிராப்பள்ளியில் ஓர் ஆலயம் எழுப்பினார். கும்பெனிப் படைக்கு மதகுருவாக இருந்ததற்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் வந்தது. அதில் பாதியைச் சபைக் காரியங்களுக்கே கொடுத்தார். பிறரிடம் கை நீட்டுகிறவன் முதலில் தன் மடியை அவிழ்க்க வேண்டுமென்ற பாடம் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

1779-ல் தஞ்சைச் சின்னக் கோட்டையில், சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில், ஆலயத் திருப்பணி தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார்கள் சந்தா கொடுத்தார்கள். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியாது. 1773-ல் ஆர்க்காட்டு நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்துக் கொடுத்தது கும்பெனிப் படை. 1776-ல்தான் ராஜ்யம் துளஜாஜி மன்னருக்குத் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் குடிகள் பட்ட துன்பத்துக்கு அளவில்லை. ஆகவே, துரைமார்களின் சந்தாவில் நம் பண்ணையாட்களின் வியர்வையும் கலந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் இதை அறியாதவரல்லர்.

அதே 1779-ல் சென்னைச் சர்க்கார் அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. கும்பெனியாரை நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியாரை நம்பினார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் அதைச் சர்க்காரிடம் ஒப்படைக்கப் போனார். "நீங்களே வைத்துக்கொள்ளலாம்" என்றார்கள். தமக்கென்று ஒரு காசு எடுக்காமல், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு தர்மப் பள்ளிக்கூடம் நடத்த அதையே முதலாக வைத்தார். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு ஒரு முஸ்லிம் மன்னரின் பணம்தான் மூலதனம்!

ஆனால் அவருடைய உண்மையான கணக்கு நோட்டு திறந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். 1781-ல் ஹைதரின் படை காவேரிச் சமவெளியைச் சூறையாடிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் மடிந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றி வர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். இப்போது எவன் ஓட்டி வருவான்? ராஜாவின் வாக்கும் செல்லவில்லை, கும்பெனியின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைக் கெஞ்சினார்கள். "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று அவர் குடியானவர்களுக்குச் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஐயர் பேசியபடி ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்தார். சந்தாப் புத்தகத்தோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினாலும் இப்படி ஒரு மூலதனத்தைச் சேர்த்துவிட முடியுமா?

1798 பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், சேர்த்து வைத்த சொத்தையெல்லாம் சபையின் ஊழியத்துக்கே எழுதி வைத்தார். நம் கோயில்களில் கட்டளை என்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

அவரிடம் பிள்ளையைப் போல வளர்ந்த சரபோஜி மன்னர், லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பற்றிக்கொண்டு நிற்கும் காட்சி அது. இன்றும் அந்த ஆலயத்தில் பார்க்கலாம். எனக்கென்னவோ அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஒரத்தநாட்டுப் பக்கத்தில் கண்ணந்தங்குடியில் அவர் ஏற்படுத்திய தர்மம். 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் படிப்பும் கொடுக்க வைத்தார். மன்னர் சிவபக்தர், கடைசிவரை மதம் மாறவில்லை. வாங்கிய அன்பை அவர் கொஞ்சம் கூட்டியே திருப்பி வைத்தார். இதற்கு மொய் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்று கூரை பழுது பார்க்கவும், ஏழைகளுக்கு உதவவும், நிரந்தர நிதி வைக்கவும் சபைகள் நன்கொடை கேட்கின்றன. கேட்பதில் தவறே இல்லை. கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் பொறிப்பதிலும் தவறில்லை. ஆனால் 1781-ல் மாடு ஓட்டி வந்த அந்தக் குடியானவர்களை மறந்துவிடக் கூடாது. ஒருமுறை ஏமாந்தவர்கள் அவர்கள். மறுமுறை அவர்கள் நம்பியது கட்டடத்தையல்ல. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒரு மனிதரை.