கிராஃப்ட்
சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் ஆலையை 2011-இல் ஆன்ஹைசர்-புஷ் 3.88 கோடி டாலருக்கு வாங்கியது. புட்டியில் பெயர் மாறவில்லை. இனியும் அதைக் ‘கிராஃப்ட் பீர்’ என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். ஜெர்மானியர் இன்றும் ‘க்ராஃப்ட்’ என்று வலிமையையே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது திறமையாகி, கைத்தொழிலாகி, ‘கிராஃப்டி’ என்னும் கிளையில் தந்திரமாகவும் ஆனது. அமெரிக்காவின் சிறு பீர் ஆலைகளின் சங்கம் அதன்மேல் இன்னொரு பொருளை ஏற்றியது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்கு மிகக்கூடாது, கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்தை எட்டக்கூடாது. கையைக் குறித்த சொல் உடைமையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் தமிழில் ‘கைவினை பீர்’ என்னும் மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவு தரவில்லை. ஆலை விலைபோன பிறகும் அதே தொழிலாளி அதே தொட்டியில் அதே பக்குவத்தில் வடிக்கலாம். கைவினை அங்கேயே இருக்கும், போனது வேறு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ‘தோப்பி’ அழகான சொல்தான், ஆனால் அது வீட்டில் நெல்லால் ஆக்கிய கள். 2017-இல் அச்சங்கம் வெளியிட்ட முத்திரையில், கவிழ்ந்த புட்டிப் படத்தோடு, கிராஃப்டுக்கு முன்னால் சார்பின்மையைச் சொல்லும் அடைமொழியும் இருக்கிறது. அந்த அடைமொழியையே நாம் எடுத்துக்கொள்ளலாம்: ‘சுயேச்சை ஆலை பீர்’. எந்தக் கட்சியையும் சேராத வேட்பாளரைச் சுயேச்சை என்று அழைத்துப் பழகியவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.