ஆபீஸ் எங்கே இருக்கிறது? செங்கல்பட்டுச் சீமையில் மனுவும் மனிதரும்

1

ஒரு மாவட்டத்துக்குச் செங்கல்பட்டு என்று பெயர். கலெக்டர் கச்சேரியோ கருங்குழியில். நடுவில் 1825 முதல் 1835 வரை காஞ்சிபுரத்தில். திரும்பவும் கருங்குழி. 1859இல் சைதாப்பேட்டை. 1968இல் மறுபடி காஞ்சிபுரம். 1997இல் மாவட்டத்தை இரண்டாக உடைத்து, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பெயரிட்டபோது செங்கல்பட்டு என்ற மாவட்டப் பெயரே காணாமல் போனது. 2019 நவம்பர் 29ஆம் தேதிதான் செங்கல்பட்டு தன் பெயரில் ஒரு மாவட்டத்துக்கும் அதன் கலெக்டர் ஆபீசுக்கும் தலைமையிடமானது.

இதை நிர்வாக வசதி என்று சொல்லிக் கடந்து போய்விடலாம். யாருடைய வசதி என்பதே நம் கேள்வி. சைதாப்பேட்டை சென்னைக் கோட்டைக்குப் பக்கம். மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ வலை இழுக்கிற ஒருவருக்கு அது எந்தப் பக்கமும் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், "அய்யா கேம்ப் போயிருக்காரு, நாளைக்கு வா" என்ற பதிலோடு திரும்பி வருவதற்கு அரசாங்கக் கணக்கில் தூரம் கிடையாது. வரலாற்றிலும் கிடையாது. ஆபீசின் வரலாறு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசலில் நின்றவர் பக்கத்திலிருந்து அதை வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த ஜாகீர்தான் பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம். கம்பெனி தமிழகத்தில் வரி வாங்கப் பழகிய இடங்களில் இது முதன்மையானது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 தொடங்கி 1774 வரை இங்கே சுமார் இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார். கணக்கு ஊர்க் கணக்கர்களின் ஓலைகளிலிருந்து வந்தது. தரம்பால் போன்றவர்கள் இந்த ஆவணங்களை எடுத்துவைத்து, காலனியத்துக்கு முன்பு விளைச்சலில் கோயிலுக்கு, குளத்துக்கு, வைத்தியருக்கு, கணக்கருக்கு, காவல்காரருக்கு என்று பங்கு பிரித்த ஒரு சமூகம் இருந்ததாக வாதிட்டார்கள். இருக்கட்டும். களத்து மேட்டில் பங்கு வாங்கியவர்களில் யார் கணக்கை வாசித்தது, யார் வாசிக்கக் கேட்டது? ஓலை யார் வீட்டில் இருந்தது? பங்கு பிரித்ததைச் சொல்லும்போது கணக்கு வைத்திருந்த கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆபீஸ் என்ற சொல் கிராமத்துக்கு வருவதற்கு முன்பே ஆபீஸ் இருந்தது. அது கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணை. 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மிராசுதாரர்களோடு கடுமையாக மோதினார். ஆனாலும் அந்தத் திண்ணை கலையவில்லை. கம்பெனி போய் ராணி வந்து, ராணி போய்ச் சுதந்திரம் வந்து, அதற்குப் பிறகும் கர்ணமும் மணியமும் பெரும்பாலும் பரம்பரையாகத் தொடர்ந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து இந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கிராம நிர்வாக அலுவலர் என்று நாம் இன்று பழக்கமாகச் சொல்கிற பதவி அதன் பிறகு வந்தது. தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டில், சேரியிலிருந்தும் ஒருவர் அந்த நாற்காலிக்கு வர முடியும் என்றானது. நாற்பத்தைந்து வருஷம் சொச்சம்தான் ஆகிறது. நம் இலக்கிய வரலாறுகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

3

1891இல் செங்கல்பட்டின் கலெக்டர் திரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையில் மனுவின் கதை ஒன்று இருக்கிறது. புறம்போக்கைச் சாகுபடி செய்ய எவரும் தர்க்காஸ்து மனுப் போடலாம் என்பது விதி. ஆனால் மிராசு கிராமத்தில் வெளியாள் மனுப் போட்டால் முதலில் மிராசுதாரரைக் கேட்பார்கள். அவர் "எனக்கு வேணும்" என்றால் நிலம் அவருக்கு. சேரியில் ஒருவர் துணிந்து மனுப் போடுவது என்பது தன் ஆண்டையிடம் தானே போய்த் தகவல் சொல்வதுதான். குடிசை போட்ட மனையும் மிராசுதாரருடையது என்றிருந்ததால் மறுநாள் குடிசையும் இருக்காது. சட்டம் எல்லோரையும் மனுப் போடச் சொன்னது. அந்த மனு எந்த வழியாகப் போகும் என்பதை மட்டும் ஊர் பார்த்துக்கொண்டது.

செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆதம் ஆண்ட்ரூ நிலத்துக்கு மனுப் போட இம்மக்களுக்கு உதவினார். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010 நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படையானது. ஒப்படைத்த நிலத்தைப் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம். மாகாணம் முழுதும் இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

நிலம் காகிதத்தில் கிடைத்தது. காகிதம் இருக்கிற கட்டடத்துக்குள் நுழைவது? அதற்கு இன்னொரு முப்பது வருஷம் ஆனது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலகங்களிலும் எந்த வகுப்பாரும் நுழையத் தடையில்லை என்றது. 1925இல் அது அரசிதழில் வெளிவந்தது. இந்தப் பட்டியலைப் பேசும்போது நாம் கிணற்றையும் தெருவையும் மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். அலுவலகத்தை மறந்துவிட்டோம். வரி கட்டலாம், உள்ளே வரக்கூடாது என்ற நிலை இருந்ததால்தானே அந்தச் சொல் தீர்மானத்தில் இடம்பெற்றது?

4

1994. செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு அரசாங்கமே கொடுத்த நிலத்தை அரசாங்கத்திடமே கேட்டதற்கு வந்த பதில் அது. அன்றைக்கு மாவட்டத்தின் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில்.

தோட்டா சத்தம் போட்டு வந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. சத்தமே இல்லாமல் நடந்தது வேறொன்று. 1979இல் தொடங்கி 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்பார்கள். பழைய பதிவேட்டில் நிபந்தனை நிலம் என்று குறித்திருந்த இடங்கள் பல, புதிய 'அ' பதிவேட்டில் அந்தக் குறிப்பு இல்லாமலே சாதாரணப் பட்டாவாக ஏறின என்பது நில மீட்பு இயக்கங்களின் குற்றச்சாட்டு. இடையில் நின்ற பாதுகாப்பு ஒரே ஒரு சொல்தான். அதைப் படியெடுக்காமல் விட்டால் போதும். ஆகவே புதிய சிட்டாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது, யூ.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலும் வேண்டும். அதை எந்த ஆபீசில் கேட்பது என்பதில்தான் ஐந்து முறை இடம் மாறிய கச்சேரியின் கதை திரும்ப வருகிறது. நண்பர் ஒருவருக்காக ஓர் ஆவண அறைக்கு நானும் அலைந்திருக்கிறேன். "அது பழைய மாவட்டத்து ஃபைல் சார், இங்க இல்ல" என்றார்கள். பழைய மாவட்டத்தில், "அது புது மாவட்டத்துக்கு அனுப்பியாச்சே" என்றார்கள். மாவட்டத்தைப் பிரிக்கிறவர்கள் ஃபைலையும் பிரிக்கிறார்கள். மனுதாரரைப் பிரிக்க முடியாததால் அவர் இரண்டு பஸ் ஏறுகிறார்.

5

கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்தில் ஒரு மீனவக் குடும்பம் ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட நினைத்தால் எத்தனை ஆபீஸ்? பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது 1992இலிருந்து தொல்லியல் விதி. 1991இலிருந்து கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வேறு. மனைக்குப் பட்டா என்றால் வருவாய்த்துறை, வீட்டு வரிக்கு உள்ளாட்சி, படகுக்கு மீன்வளத்துறை. ஒவ்வொரு விதிக்கும் நியாயம் இருக்கிறது. பல்லவர் கல்லையும் காக்க வேண்டும், கடலோரத்தையும் காக்க வேண்டும். ஆனால் இத்தனை கதவுகளுக்கும் ஆள் வைத்து மனு நகர்த்துகிறவர் ரிசார்ட் முதலாளி. குப்பத்துக்காரருக்கு அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே "இல்லை" ஆகிவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பட்டியலில் பெயர் ஏற என்ன காகிதம் கைவசம் இருக்கிறது என்ற கேள்விக்குக் கடல் கொண்டுபோன ரேஷன் கார்டைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இருளர் நிலைமை இன்னும் ஒரு படி தள்ளி. தாழ்த்தப்பட்டோர் சாதிச் சான்று தாசில்தார் தருவார். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். வடநெம்மேலியில் பாம்புக்கு விஷம் எடுத்து நாட்டுக்கே மருந்து கிடைக்க வழி செய்கிற சமூகம், தான் இருளர் என்று நிரூபிக்க விசாரணைக்கு நிற்கிறது. 2021இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் அனுப்பப்பட்ட ஒரு நரிக்குறவப் பெண் பேசிய வீடியோ பரவியது. நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். 2022 டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்ல காரியங்கள். ஆனால் வருஷக்கணக்காக மனுவால் ஆகாதது ஒரு வீடியோவால் சில நாளில் ஆனது என்றால், கொடுக்க முடியாமல் இருந்ததில்லை, கொடுக்காமல் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

அதிகாரிகள் மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். அது மனுநீதிச் சோழன், மனு தர்மம் இல்லை என்பார்கள். அந்தக் கதையில் பசு அரண்மனை வாசல் வரைக்கும் வந்து மணியை இழுத்தது. சேரியிலிருந்து ஒருவர் அந்த வாசல் வரைக்கும் வந்திருக்க முடியுமா? அதற்கு 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று இ-சேவை மையம் இருக்கிறது. பட்டாவைக் கைபேசியில் பார்க்கலாம். 1980க்கு முன் கர்ணத்தின் திண்ணையில் இருந்த கணக்கை யாரும் எட்டிப் பார்க்க முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திரையில் தெரிவது யூ.டி.ஆருக்குப் பிந்தைய கணக்கு. ஆகவே நம் இயக்கங்கள் ஊர்வலத்தோடு இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் பழைய பதிவேட்டையும் புதியதையும் சர்வே எண் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இல்லை என்று வாயால் சொல்கிறவரிடம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதை எழுத்தில் கேட்கட்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஆபீசை விட்டு நகரக் கூடாது. ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்கு மேஜைக்கு வருகிறது. அன்றைக்குப் போய் நிற்க வேண்டும். காரணையில் இரண்டு உயிர் போனது இந்தக் கணக்குக்காகத்தான். அதைத் திறந்து படிக்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.