படகுகளுக்கு ஆசி: பிறிமாந்தில் நகர இத்தாலிய மீனவர் விழா

தாயகம் நீங்கிப் பிறநாட்டிற் குடியேறும் மக்கள் தம்முடன் கொண்டுசெல்வன மிகச் சில. அவற்றுள் நெடுங்காலம் நிலைப்பது வழிபாடு. எனினும், புதிய மண்ணில் அது பழைய பொருளோடு மாத்திரம் நின்றுவிடுவதில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் துறைமுக நகராகிய பிறிமாந்திலில் இத்தாலிய மீனவர் எடுக்கும் விழா இதற்குத் தக்க சான்றாகும்.

இம்மீனவருட் பெரும்பாலோர் இரண்டு ஊரினர். ஒரு சாரார் அதிரியாட்டிக் கடலோரத்து மொல்பெற்றாவிலிருந்தும், மற்றொரு சாரார் சிசிலித் தீவின் வடகரையிலுள்ள காப்போ டோர்லாண்டோவிலிருந்தும் வந்தோர். இருவர் பேச்சு வழக்கும் வேறு. போற்றிய மாதாவின் திருவுருவமும் வேறு. மொல்பெற்றாவில் 'மறைசாட்சியரின் மாதா'வுக்கு செப்டெம்பர் 8ஆம் நாள் விழா நிகழும். அன்று மாதாவின் திருவுருவம் படகிலேறிக் கடலில் உலாவரும். சிசிலியூரார் தம் மாதாவுக்கு ஒக்டோபர் 22ஆம் நாள் விழா எடுப்பர்.

இத்தாலியிலிருந்து சுயெசுக் கால்வாய் வழியே சென்ற கப்பல்கள் பல கொழும்பிற் தங்கியே இந்துமாகடலைக் கடந்தன. அவற்றுக்கு அவுஸ்திரேலியாவில் முதற்றுறை பிறிமாந்தில். அங்கு இறங்கியோர் மீன்பிடித் தொழிலால் மெல்ல உயர்ந்தனர். ஆயின் 1940 யூன் 10ஆம் நாள் இத்தாலி போரிற் புகுந்ததும் அவர் நிலை தலைகீழாயிற்று. நேற்றுவரை அயலாராயிருந்தோர் பகைநாட்டினராகக் கருதப்பட்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த இத்தாலியர் பலர் காவல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஆர்வி என்னுமிடத்து முகாமில் அடைபட்டோர் தம் கைகளாற் கட்டிய சிறு வழிபாட்டிடம் அத்துயர்க் காலத்தின் சின்னமாக நிற்கின்றது.

போர் முடிந்து மூன்றாண்டு கழிந்தபின், 1948இல், பிறிமாந்திலில் இவ்விழா தொடங்கிற்று. தூய பற்றிக்கு ஆலயத்திலிருந்து மாதாவின் திருவுருவம் நகர வீதிகளினூடே மீன்பிடித் துறைமுகத்துக்கு எடுத்துச் செல்லப்படும். அங்கே குருவானவர் படகுகளுக்கு ஆசி வழங்குவர். முகாமில் மறைவாக நிகழ்ந்த வழிபாடு இப்போது ஊரறிய வீதிக்கு வந்தது. 'யாமும் இவ்வூரினரே' என்ற அறிவிப்பாகவும் இதனைக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற்காலத்தில் ஈரூர் மாதாக்களின் திருவுருவங்களும் ஒரே ஊர்வலத்திற் சென்றன. தாயகத்தில் வெவ்வேறு கடல்களை நோக்கியிருந்த ஊரார் இங்கு ஒரு கடலை நோக்கி ஒருங்கு நின்றனர். காலமும் புதுப்பொருள் பெற்றது. தாயகத்தில் ஒக்டோபர் இலையுதிர்காலம். தென்கோளத்தில் அது வசந்தம். ஒக்டோபரில் நிகழ்ந்த இவ்விழா, நவம்பரிற் தொடங்கிய சிங்க இறால் பருவத்தின் முன்னுரையாயமைந்தது. கடலுட் புகுமுன் காவல் வேண்டி நிற்பது மீனவர்க்கு வெறுஞ் சடங்கன்று, உயிர்பற்றிய வேண்டுதல்.

இன்று அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் வேறு தொழில்களிற் புகுந்துவிட்டனர். எனினும் விழா நின்றுவிடவில்லை. அரசர் செயல்களும் உடன்படிக்கைகளும் மாத்திரமே வரலாறாகா. தோளிற் சுமந்த ஒரு திருவுருவமும், அதன்பின் நடந்த எளிய மக்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பது மாணவர் உணரற்பாலது.