கோபுரமும் சட்டமும்: தற்கொலைத் தடுப்பில் அரசின் நெறி

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலை வழியே அருணாசலேசுவரர் திருக்கோயிலை அடைவார், உள்ளே வல்லாள கோபுரத்தின் அடியில் கோபுரத்திளையனார் சந்நிதியைக் காண்பர். 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் வாழ்வை வெறுத்துக் கோபுரத்தினின்று வீழ, முருகப்பெருமான் தாங்கிக் காத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. இதனை வரலாற்று நிகழ்ச்சியாக நிறுவுதல் எம் கருத்தன்று. உயிர்விடத் துணிந்தாரை மக்கள் எங்ஙனம் நோக்கினர் என்பதற்கு இஃது ஒரு சான்று என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

பண்டை நெறி வேறு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைப் புறநானூறு போற்றும். கபிலர் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு குறிக்கும். ஆண்டு மானமும் நட்பும் பற்றிய இறப்புப் புகழப்பட்டது. அருணகிரியார் வரலாற்றிலோ வீழ்ந்தமை புகழப்படவில்லை, தாங்கியமையே புகழப்பட்டது. தாங்கிய கை தண்டம் விதிக்கவில்லை. பாடும் பணியைத் தந்தது.

அரசின் சட்டம் இந்நிலையை எய்த நெடுங்காலம் ஆயிற்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்க்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1994இல் அப்பிரிவு செல்லாதென்றது, 1996இல் செல்லுமென்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே, முயன்றவர் கடும் மன அழுத்தத்திற்கு ஆட்பட்டவர் எனக் கொண்டு, அவர்க்குப் பேணுதலும் மருத்துவமும் மறுவாழ்வும் அளித்தல் அரசின் கடமை என்றது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

தண்டனையை நீக்குதல் பாதிப்பணியே. தாங்குதல் எஞ்சிய பாதி. தமிழ்நாட்டில் தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திராது விரைவில் மீண்டும் எழுதத் துணைத்தேர்வு அமைந்தது. 2022இல் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் தொடங்கிற்று. இலங்கை அரசு கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ததன் பின், 1995இல் இலட்சத்திற்கு ஏறத்தாழ 47ஆக இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் பாதியாயிற்று. இடர்ப்பொழுது கடந்துவிடின் உயிர் நிலைபெறும் என்பதே இவற்றின் அடிப்படை.

ஆகவே, வடக்கிருத்தலைப் பயிற்றும் தமிழாசிரியர், அஃது ஒரு காலத்துச் சமுதாய அறம் எனத் தெளிவுறுத்தி, இன்றைய மாணவரின் துயரோடு அதனை ஒருங்கு வைத்து எண்ணாமை வேண்டும். புறநானூற்றுக்குப் பிற்பட்ட தமிழுலகம் கோபுரத்தடியில் மற்றோர் அறத்தையும் கண்டுள்ளது. அதனையும் உடன் பயிற்றுதல் நம் கடனாகும்.