பிசின்
மதுரையின் உப்பு ஜலத்தை மென்னீராக்கும் யந்திரங்களை விற்பவர்கள் ‘ரெசின்’ என்று ஓயாது உச்சரிப்பது எனக்கு உவப்பாயில்லை. வேலமரத்தில் வடிவதும், ஜிகர்தண்டாவில் ஊறி மிதப்பதுமான பிசினையே நம் பாடநூல்கள் ‘அயனிப் பரிமாற்றப் பிசின்’ என்று பிரயோகிக்கின்றனவே. பிசுபிசு, பிசுக்கு முதலிய சொற்களின் உறவினதாகிய இது ஒட்டுதலையே உணர்த்துவது. கைக்காசை விடாத உலோபியைப் பிசினாறி என்று ஜனங்கள் ஏசும்போதும், பிசுனன் என்னும் வடசொல்லின் சாயல் அதில் இருக்கலாமாயினும், என் காதில் விழுவது அந்த ஒட்டுதல்தான். ஆனால் 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இரு ரசாயனிகள் செயற்கையாய் ஆக்கிக் காட்டிய இந்தப் பதார்த்தத்தின் இன்றைய வடிவமோ, ஸல்போனிக் அமிலத் தொகுதிகள் ஏற்றப்பட்ட பாலிஸ்டைரீன் மணிகள். அவை விரலில் ஒட்டா, ஜலத்தில் கரையா. தம்மிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, அடர்ந்த உப்புக் கரைசல் பாய்ந்ததும் பற்றியதைக் கைவிட்டுவிடும். இவ்வளவு தாராளமான வஸ்துவுக்கு உலோபியின் பெயரா என்று கேட்கலாம். ‘பற்றுமணி’ என்று புதிதாக ஆக்கவும் ஆசைதான். எனினும் ஐரோப்பியரின் ரெசினும் ஆதியில் மரத்தில் வடிந்ததே. அவர்கள் பழஞ்சொல்லையே நீட்டிக்கொண்டபடி நாமும் பிசினை நீட்டிக்கொள்வதில் பிழை காணேன்.